வாயை மூடிய நாய்: இராமநாதபுரம் கரையோரத்தில் நாயின் உடல்மொழியைப் படிப்பது

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்த ஒரு கார்த்திகை மாதக் காலையில், தென்கடற்கரையில் மணல்மேட்டுக்கு இழுத்து ஏற்றப்பட்டிருந்த வல்லம் ஒன்றின் அடியில், செவலை நிறப் பெட்டை நாய் ஒன்று நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது. கடலுக்குப் போக முடியாத நாள் என்பதால் கரையில் ஆட்கள் அதிகம். வல்லத்தின் மறுபக்கத்தில் ஒரு பெரியவர் நண்டு வலையின் கிழிசல்களைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறேழு வயதுப் பையன் ஒருவன் கையில் பிஸ்கட்டோடு குட்டிகளை நோக்கி நேராக நடந்தான். நாய் குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. அதன் வால்நுனி மணலில் மெல்ல அசைந்துகொண்டுகூட இருந்தது. பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அங்கனயே நில்லு. அவ வாயை மூடிட்டா பாரு" என்றார்.

பத்தடி தள்ளி நின்றிருந்த நான் அதுவரை வாலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. சற்று முன்புவரை தளர்வாகத் திறந்திருந்த வாய் இறுக மூடியிருந்தது. தலை தாழ்ந்து குட்டிகளின் மேல் வந்திருந்தது. முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பையன் பக்கம் ஓட்டியதால், கருவிழியின் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. மூச்சு வாங்குவதுகூடத் தெரியாத அளவுக்கு உடல் அசைவற்று இருந்தது. பையன் நின்ற இடத்திலிருந்தே பிஸ்கட்டை வீசிவிட்டுத் திரும்பி நடந்தான். அவன் நாலைந்து எட்டு விலகிய பிறகு நாயின் வாய் மறுபடியும் திறந்து நாக்கு வெளியே வந்தது.

அன்று அந்த வாய் மூடியதைக் கவனிக்க ஒருவர் இல்லாமல் போயிருந்தால், "சும்மா படுத்திருந்த நாய் திடீரென்று கடித்துவிட்டது" என்ற ஒற்றை வரியோடு அந்தச் சம்பவம் முடிந்திருக்கும். நாய்க்கடி பற்றி நாம் கேட்கும் கதைகளில் பெரும்பாலானவற்றில் அந்தத் 'திடீரென்று' என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் அங்கே திடீரென்று எதுவும் நடப்பதில்லை. நமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் அது ஏற்கெனவே பலமுறை சொல்லி முடித்திருக்கும்.

வாய் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை முதலில் பார்க்கலாம். அமைதியாக இருக்கும் நாயின் தாடைத் தசைகள் தளர்ந்திருப்பதால், வாய் லேசாகத் திறந்து, உதட்டோரங்கள் தொங்கலாக இருக்கும். ஏதோ ஒன்றின் மேல் கவனம் குவிந்த கணத்தில் தாடை இறுகி வாய் மூடிக்கொள்ளும். இது கோபத்துக்கு மட்டும் உரிய குறி அன்று. தூரத்தில் மீன் கூடையை இறக்கும் ஓசை கேட்டாலும், வேலிக்கருவைப் புதருக்குள் ஓணான் ஓடினாலும் நாய் வாயை மூடிக்கொண்டுதான் காது கொடுக்கும். ஆகவே வாய் மூடுவதற்கு, 'இப்போது நான் ஒன்றைக் கவனிக்கிறேன்' என்பது மட்டுமே பொருள். அந்த ஒன்று நாமாக இருந்து, அடுத்த நொடியில் உடலும் உறைந்துபோனால், அங்கே நாம் நிற்க வேண்டும். குரைத்துக் குதிக்கும் நாயைக் கண்டு விலகுகிற நாம், அசையாமல் நிற்கும் நாயைக் கண்டு 'சாதுவாக இருக்கிறது' என்று நெருங்கிவிடுகிறோம். அந்த அசைவின்மைதான் பெரும்பாலும் கடிக்கு முந்தைய கடைசி எச்சரிக்கை.

ஆனால் இதையும் ஒரு வாய்ப்பாடாக மனப்பாடம் செய்துகொள்ள முடியாது. நாய்களின் உடல்மொழி பற்றி இன்று கிடைக்கும் படங்களும் அட்டவணைகளும் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளில் வளரும் நாய்களைப் பார்த்து எழுதப்பட்டவை. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சிரைப்பது பதற்றத்தின் அடையாளம் என்று அவற்றில் இருக்கும். பங்குனி வெயிலில், தனுஷ்கோடிச் சாலையின் இருபுறமும் மணல் கொதிக்கும் நண்பகலில், அந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லா நாயும் பதற்றத்தில் இருப்பதாகவே தோன்றும். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்க்காது. பாதத்தின் அடிப்பகுதியில் மட்டும் சிறிது வியர்க்கும். நாக்கிலிருந்தும் வாயின் ஈரத்திலிருந்தும் நீரை ஆவியாக்கித்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. எனவே உச்சி வெயிலில் மூச்சிரைப்பதற்கு வெயில் என்பதே விளக்கம். அதே நாய், வாடைக்காற்று வீசும் மார்கழி விடியலில், ஓடிக்களைக்காமல் நின்ற இடத்தில் நின்றபடி மூச்சிரைத்தால், அதற்கு வலியோ அச்சமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறி ஒன்றுதான், வேளையும் இடமும் அதன் பொருளை மாற்றிவிடுகின்றன.

வாலைப் பற்றி நம்மிடையே நிலவும் தவறான நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் பெரியது. வால் ஆடினால் நாய்க்கு நம்மைப் பிடித்திருக்கிறது என்றே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வால் ஆடுவது, நாயின் உள்ளே ஒரு கிளர்ச்சி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. அது மகிழ்ச்சியா, அச்சமா, சினமா என்பதை வால் எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடுகிறதா என்பவற்றை வைத்தே சொல்ல முடியும். தெரிந்தவரைப் பார்த்த நாய் வாலை மட்டும் ஆட்டுவதில்லை. பின்னுடல் முழுவதும் நெளியும், காது பின்னோக்கிப் படியும், கண் சுருங்கும். அயலாரை அளந்து பார்க்கும் நாயின் வால் கம்புபோல விறைத்து நிமிர்ந்து, நுனி மட்டும் சிறிய அலைவில் வேகமாகத் துடிக்கும். சார்லஸ் டார்வின் 1872-இல் உணர்ச்சிகளின் வெளிப்பாடு குறித்து வெளியிட்ட நூலில் இந்த எதிர்மையைத்தான் விரிவாக எழுதினார். அயலான் என்று எண்ணி விறைப்பாக வரும் நாய், வருபவர் தன் எஜமானரே என்று அறிந்த கணத்தில் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் நேர் எதிரான நிலைக்கு மாற்றிக்கொள்வதை அவர் கண்டார். எதிரான உணர்ச்சிகளை எதிரான உடல்நிலைகள் காட்டுகின்றன என்ற அவருடைய கருத்து, இன்றும் கரையில் நின்று பார்ப்பவருக்குக் கைகொடுக்கக்கூடியது.

2007-ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களைக் கேமரா கொண்டு பதிவு செய்து, சொந்தக்காரரைக் கண்டபோது வால் அதன் வலப்பக்கம் கூடுதலாகவும், தன்னை மிரட்டும் அறிமுகமற்ற நாயைக் கண்டபோது இடப்பக்கம் கூடுதலாகவும் சாய்ந்து ஆடியதைக் காட்டினார்கள். மூளையின் இரு பாதிகளும் வெவ்வேறு உணர்வுகளில் முந்தி நிற்கின்றன என்பதற்கான அருமையான சான்று அது. ஆனால் கடற்கரையில் ஒரு நாய் எதிரே வரும்போது அதன் வால் எந்தப் பக்கம் எவ்வளவு கோணம் சாய்கிறது என்று வெறுங்கண்ணால் அளந்துகொண்டிருக்க முடியாது. அளக்க முயல்வது ஆபத்தும்கூட.

அதைவிடப் பயனுள்ளது, அந்தக் குறிப்பிட்ட நாயின் வால் சாதாரணமாக எங்கே நிற்கும் என்று தெரிந்திருப்பது. நம் கரையோர நாட்டு நாய்களில் பலவற்றுக்கு வால் இயல்பிலேயே மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். சும்மா நடந்துபோகும்போதும் அது உயர்ந்துதான் இருக்கும். அதைச் செருக்கு என்றோ சண்டைக்கு ஆயத்தம் என்றோ கொள்ளக் கூடாது. கன்னி, சிப்பிப்பாறை போன்ற மெலிந்த வேட்டை இனங்களில் வால் நீண்டு தாழ்ந்தே தொங்கும். அது அச்சம் அன்று. சுருள் வால் அவிழ்ந்து நேராகத் தொங்கினால் அந்த நாய்க்கு ஏதோ சரியில்லை. தாழ்ந்த வால் கிடைமட்டத்துக்கு மேல் ஏறி நின்றால் அந்த நாய் ஏதோ ஒன்றுக்குத் தயாராகிறது. அளவுகோலை அந்தந்த நாயிடமிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதன் சாரம். நம் மாவட்டத்தின் பெயராலேயே அறியப்படும் மண்டை நாய்க்கும், கோம்பைக்கும் வீரத்தோற்றம் வர வேண்டும் என்று குட்டியிலேயே காதை வெட்டிவிடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. முன்னே விடைத்தால் கவனம், பக்கவாட்டில் சாய்ந்தால் தயக்கம், தலையோடு ஒட்டிப் பின்னே படிந்தால் அச்சம் என்று சொல்லக்கூடிய ஓர் உறுப்பைத் துண்டித்துவிட்டு, அந்த நாயின் மனம் புரியவில்லை என்று பிறகு நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம். இதை நான் கண்டிக்கவே செய்கிறேன்.

முகத்தில் கவனிக்க வேண்டிய சின்னக் குறிகள் இன்னும் சில உண்டு. உணவு எதுவும் அருகில் இல்லாதபோது நாக்கால் மூக்கை ஒருமுறை விரைந்து தடவிக்கொள்வது, தூக்கக் கலக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது, நம்மைப் பார்க்காமல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது, முன்னங்கால் ஒன்றைச் சற்றே தூக்கி நிறுத்துவது, நனையாத உடலை நனைந்ததுபோல் உதறிக்கொள்வது ஆகியவை எல்லாம் ஒரு நெருக்கடியை நாய் தனக்குள் சமாளிக்கும்போது வெளிப்படுபவை. பிடரி மயிர் சிலிர்ப்பதை நாம் சினம் என்று எடுத்துக்கொள்கிறோம். நமக்கு மயிர்க்கூச்செறிவதைப் போல அது தானாக நிகழ்வது. அச்சத்திலும், விளையாட்டின் உச்சத்திலும்கூட அது சிலிர்க்கும். உடலின் எடை எந்தக் கால்களில் இருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் கிடைக்கும். எடை முன்னங்கால்களில் சாய்ந்திருந்தால் நாய் முன்னேற எண்ணுகிறது. பின்னங்கால்களில் தங்கியிருந்தால் அது தப்பிக்கத்தான் வழி தேடுகிறது, அந்த வழியை நாம் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. மல்லாந்து வயிற்றைக் காட்டுவதும் இரு பொருள் உள்ளது. உடல் தளர்ந்து, வாய் திறந்து, கால்கள் அங்குமிங்கும் துழாவினால் அது விளையாட்டு. உடல் இறுகி, வால் கால்களுக்கிடையே மடிந்து, சில வேளை சிறுநீரும் கசிந்தால், 'என்னை விட்டுவிடு' என்று அது கெஞ்சுகிறது. அந்த நேரத்தில் வயிற்றைத் தடவக் கை நீட்டுவது பொருத்தமில்லாத செயல். சிறுநீர் கசிந்ததற்காக அதை அடிப்பது அதைவிடக் கொடியது.

நாய்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பார்க்க மீன் இறங்கும் கரையைவிடச் சிறந்த இடம் இல்லை. வல்லம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும் நாட்களில், படுத்திருக்கும் நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து மூக்கை உயர்த்துவதைக் காணலாம். மனிதரின் மூக்கில் மணம் உணரும் செல்கள் ஏறத்தாழ 60 லட்சம். நாய்க்கு அவை 20 கோடிக்கும் மேல். பங்குனி ஆமை முட்டையிட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிய இடத்தை அதே மூக்குதான் கண்டுபிடித்துத் தோண்டுகிறது. வனத்துறையினர் விடியும் முன்பே கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வல்லம் கரை தொட்டதும் கழிக்கப்படும் காரலும் சூடையும் மணலில் விழும். அங்கே பத்துப் பன்னிரண்டு நாய்கள் இருந்தாலும் உண்மையான சண்டை அரிதாகவே நடக்கும். புதிதாக வரும் நாய் நேர்க்கோட்டில் வராது. அரைவட்டமாக வளைந்து, பக்கவாட்டைக் காட்டியபடி, மணலை முகர்வதுபோல் பாவனை செய்துகொண்டு நெருங்கும். ஏற்கெனவே மீனின் மேல் நிற்கும் நாய் தலையைத் தாழ்த்தி, கழுத்தை இறுக்கி, தின்னும் வேகத்தைக் கூட்டும். வந்த நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். திருப்பாவிட்டால் மேலுதடு ஒரு பக்கம் மட்டும் உயரும். அதற்குப் பிறகு உறுமல். அதற்கும் பிறகே பல். இத்தனை படிகளை வைத்திருப்பதற்குக் காரணம் எளியது. காயம்பட்ட நாய்க்கு அடுத்த வேளை உணவு நிச்சயமில்லை. எனவே சண்டையிடாமல் தீர்த்துக்கொள்வது இரண்டுக்கும் ஆதாயம்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் நாய்க்கூட்டத்தில் ஒரு தலைவன் மற்ற எல்லாவற்றையும் அடக்கி ஆள்கிறான் என்றும், வீட்டு நாயையும் நாம் அப்படி அடக்கி வைக்க வேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். இந்த எண்ணத்தின் வேர், 1940-களில் அடைத்து வைக்கப்பட்ட, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து எழுதப்பட்ட ஆய்வில் இருக்கிறது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பமே என்பதை ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-இல் எடுத்துக்காட்டி, தாமே முன்பு பரப்பிய அந்தக் கருத்தைத் திருத்தினார். நாயை மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடிப்பது அதற்கு ஒழுக்கத்தைக் கற்றுத்தராது. நம் கை நெருங்குவது ஆபத்து என்பதையே கற்றுத்தரும்.

நாம் அவற்றைப் படிப்பதைவிட அவை நம்மைப் பல மடங்கு நுட்பமாகப் படிக்கின்றன. நம் ஊர் நாய் எதுவானாலும், அதன் முன்னே ஒருவர் சட்டென்று குனிந்தால் அது பின்வாங்கும். கல் அங்கே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கால்சட்டையை மடித்துவிடக் குனிந்தாலும், செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்தாலும் அது ஓடும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். தலைமுறை தலைமுறையாக நம் குனிவை அவை பாடமாகக் கற்றிருப்பதால்தான் கல்லின் தேவையே இல்லாமல் போயிற்று. கொல்கத்தா அருகே இயங்கும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் பல ஆண்டுகளாகத் தெருநாய்களை ஆராய்ந்து வருகிறார்கள். எந்தப் பயிற்சியும் பெறாத தெருநாய்கள்கூட, முன்பின் தெரியாத மனிதர் விரலால் சுட்டும் திசையைப் புரிந்துகொண்டு உணவுக் கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். அஞ்சிய நாய்கள் கிட்டவே வராததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். மனிதக் கை சோறும் போடும், கல்லும் எறியும் என்பதை அறிந்த ஓர் உயிர், அந்தக் கையை எவ்வளவு கூர்ந்து பார்க்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் கேட்டைத் திறந்தவர்கள் பலர். குரைப்பு என்பது ஒரே ஒலி அன்று. ஹங்கேரி ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நாய் வளர்த்த பழக்கம் இல்லாதவர்கள்கூட, பதிவு செய்த குரைப்பைக் கேட்டு அது எந்தச் சூழலில் எழுந்தது என்பதை ஓரளவு சரியாகச் சொன்னார்கள். தாழ்ந்த சுருதியில், இடைவெளி இல்லாமல் தொடர்ந்து வந்தால் அதை விரட்டல் என்றும், உயர்ந்த சுருதியில், விட்டு விட்டு வந்தால் அதைத் தவிப்பு அல்லது அழைப்பு என்றும் நம் காது இயல்பாகவே பிரித்துக்கொள்கிறது. வீட்டில் தனியாகக் கட்டிப்போட்ட நாயின் குரைப்பையும், இரவில் வேற்றாள் நுழைந்தபோது எழும் குரைப்பையும் அண்டை வீட்டார் குழப்பிக்கொள்வதில்லை. ஊளையும் அப்படித்தான். நள்ளிரவில் நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்று பாட்டிமார் கதவைச் சாத்துவார்கள். தொலைவில் இருக்கும் தன் இனத்தோடு தொடர்புகொள்ளும் குரல் அது. ரயிலின் நீண்ட ஊதல், கோயில் சங்கு, ஆம்புலன்ஸ் ஒலி என நீண்டு இழையும் எந்த ஒலிக்கும் அது பதில் கொடுக்கும்.

உறுமலைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டு நாய் உறுமினால் நம்மவர்கள் முதலில் செய்வது தலையில் ஒரு தட்டு. 'சோறு போடுகிற கையைப் பார்த்தே உறுமுகிறதா?' என்ற கோபம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் உறுமல் என்பது கடிக்காமல் இருக்க நாய் எடுக்கும் முயற்சி. அடிபட்டுப் பழகிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும். அதற்குப் பிடிக்காதது பிடிக்காததாகவே இருக்கும். எச்சரிக்கை மட்டும் போய், கடி தங்கிவிடும். எங்கள் வீட்டில் முன்பு இருந்த கறுப்பு நாயை அதன் சட்டியருகே உறுமியதற்காக என் சிறுவயதில் நானே பலமுறை அதட்டி அடக்கியிருக்கிறேன். ஓராண்டு கழித்து, சட்டியைத் தாண்டிப் போன என் தங்கையின் கெண்டைக்காலை அது ஓசையே எழுப்பாமல் கவ்வியது. அது என் பிழை என்று விளங்குவதற்கு எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

இதற்கு நெருங்கிய இன்னொரு தவறான வாசிப்பு, 'செய்த தப்பு அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்' என்பது. காயவைத்த கருவாட்டைத் தின்றுவிட்ட நாய், காதைப் பின்னே மடித்து, தலையைத் தாழ்த்தி, கண்ணைத் தவிர்ப்பதைப் பார்த்துக் குற்றவுணர்வு என்கிறோம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் 14 நாய்களை வைத்துச் செய்த சோதனையில், தப்பே செய்யாத நாயும் சொந்தக்காரர் திட்டியபோது அதே முகத்தைக் காட்டியது. அந்த முகம் நடந்து முடிந்த செயலைப் பற்றியது அன்று. எதிரே நிற்கும் நம் குரலையும் முகத்தையும் பற்றியது. மதியம் நடந்ததற்கு மாலையில் அடித்தால், நாம் வீடு திரும்புவதே ஆபத்து என்றுதான் அது கணக்கிட்டுக்கொள்ளும்.

இந்தக் கரையின் நாய்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே மனநிலை இருப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இறங்குதளத்தில் கழிவு மீன் குறைந்துவிடும். கரையில் உண்டு வாழ்ந்த நாய்கள் ஊருக்குள்ளும், பேருந்து நிறுத்தத்துக்கும், சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களுக்கும் நகரும். அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் நாய்களோடு உரசல் கூடும். அதே மாதங்களில்தான் பள்ளி விடுமுறைக் கூட்டமும் இராமேசுவரத்துக்கு வருகிறது. கரையில் வளர்ந்த குழந்தை நாயைச் சுற்றி விலகி நடக்கும். வெளியூர்க் குழந்தை கத்திக்கொண்டு ஓடும். ஓடும் உருவத்தைத் துரத்துவது நாயின் பழைய வேட்டைக் குணம், ஓட்டம் நின்றால் துரத்தலும் பெரும்பாலும் நின்றுவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் துரத்தும் நாய்களிடம் வண்டியின் வேகத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. கடியைவிட, தடுமாறி விழுவதால் வரும் காயமே அங்கே பெரிய ஆபத்து. புரட்டாசி, ஐப்பசியில் பெட்டை நாயின் பின்னே ஆண் நாய்கள் கூட்டமாகத் திரிவதும், அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துக் குட்டிகள் பிறப்பதும் நாம் வழக்கமாகக் காண்பது. கூட்டத்தின் நடுவே புகாமல் இருப்பதும், குட்டி போட்ட தாயின் பக்கம் நேராகப் போகாமல் இருப்பதும் அந்த மாதங்களுக்கு உரிய எச்சரிக்கை.

குட்டிகளுக்கு மூன்றாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரையான காலம் மிக முக்கியமானது. அப்போது கண்டு பழகியவற்றை அவை வாழ்நாள் முழுதும் இயல்பானவையாக ஏற்றுக்கொள்ளும்; காணாதவற்றுக்குப் பிறகு அஞ்சும். வல்லத்தின் அடியில் பிறந்த குட்டி இந்த வாரங்களுக்குள் எஞ்சின் சத்தம், ஏலக் கூச்சல், குழந்தைகள், தொப்பி போட்ட வியாபாரி, குடை என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது. அதன் உடன்பிறந்த குட்டியை ஆறாவது வாரத்தில் தூக்கிக்கொண்டுபோய் ஆளரவமற்ற இறால் பண்ணையின் காவலுக்குச் சங்கிலியில் கட்டினால், அது எல்லோரையும் கண்டு சீறும் நாயாக வளர்கிறது. அதை வீரம் என்று பண்ணைக்காரர்கள் மெச்சுகிறார்கள். அதன் எடை பின்னங்கால்களில் இருப்பதையும், காது தலையோடு ஒட்டியிருப்பதையும் பார்த்தால் அது அச்சம் என்று தெரிந்துவிடும். கட்டிய நாய்க்கு ஓடிப்போகும் வழி இல்லை. அச்சத்துக்கு இருக்கும் இரண்டு வழிகளில் ஒன்றைச் சங்கிலி அடைத்துவிட்டால் மற்றொன்றுதான் மிஞ்சும்.

தெரியாத நாய் எதிரே விறைத்து நின்றால், நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல், உடலைப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை உடலோடு வைத்து, ஓடாமல் மெல்ல விலக வேண்டும். குழந்தை விழுந்துவிட்டால் உருண்டையாகச் சுருண்டு, கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும். வீட்டு நாயானாலும் தின்னும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. கழுத்தைக் கட்டி அணைப்பது நமக்கு அன்பு, நாய்க்கு அது பிடிபடுவது. குழந்தையின் முகம் நாயின் பல்லுக்கு நேரான உயரத்தில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் மறக்கவே கூடாது.

உடல்மொழியைப் படிப்பதற்கு ஓர் எல்லை உண்டு, அங்கே படிப்பை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வெறிநோய்க் கிருமி, நோயின் அறிகுறி வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே நாயின் எச்சிலில் வந்துவிடக்கூடியது. ஆகவே 'நல்ல நாய்தான், வாலாட்டிக்கொண்டிருந்தது' என்பது கடிக்கு மருந்தாகாது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய் வழியாகவே வருவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பல்லோ நகமோ தோலைக் கீறியிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசியை 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்த கடியானால், காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. காதில் சிறு வெட்டு அடையாளம் உள்ள நாய் கருத்தடை செய்யப்பட்டது என்று பொருள். அந்த நேரத்தில் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள், ஆனால் அதன் காலம் இன்னும் முடியவில்லை என்பதற்கு அந்தக் காது உத்தரவாதம் இல்லை.

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கண்காணிப்பில் தேட வேண்டியது எச்சில் ஒழுகுவதையும் கண்டதைக் கடிப்பதையும் மட்டும் அன்று. அவை பிந்தி வருபவை. முதலில் வருவது இயல்பில் ஒரு மாற்றம். எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் நாய் இருட்டில் போய் ஒதுங்கும், யாரையும் அண்டாத நாய் வந்து உரசும். குரைப்பின் குரல் மாறுவதும், தாடை தளர்வதும், நடை தள்ளாடுவதும் அதற்குப் பிறகு வருபவை. இந்த மாற்றத்தை வெளியிலிருந்து வரும் மருத்துவரால் ஒரே பார்வையில் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அந்த நாயின் நேற்றைய இயல்பு அவருக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் கரையில்தான் இருக்கிறார்கள். விடியற்காலையில் பாயை விரித்து நெத்திலியைப் பரப்பிவிட்டு, கையில் குச்சியோடு காக்கையும் நாயும் அண்டாமல் நாள் முழுதும் காவல் இருக்கும் பெண்களுக்கு, எந்த நாய் எத்தனை அடி தள்ளிப் படுக்கும், எது எந்தப் பக்கமாக வளைந்து வரும், குச்சியை ஓங்கினால் எது எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்பதெல்லாம் தெரியும். ஒரு நாய் குச்சிக்கு ஓடாமல் நின்ற நாளை முதலில் கவனிக்கப்போவது அவர்கள்தான். சுகாதாரப் பணியாளரும் கால்நடை மருத்துவரும் கரைக்கு வந்தால் முதல் கேள்வியை அவர்களிடம் கேட்கட்டும்.